வாளின் அதிகாரமும் ஏலத்தின் அதிகாரமும்

அங்கதம் என்பதை மேனாட்டுத் திறனாய்விலிருந்து நாம் இறக்குமதி செய்துகொண்ட புதுச்சரக்கு என்றே நம் மாணவர் பலரும் எண்ணியிருக்கின்றனர். செம்பொருள் அங்கதம் என்றும் பழிகரப்பு அங்கதம் என்றும் அதனை இருவகைப்படுத்தித் தொல்காப்பியர் செய்யுளியலில் வைத்துள்ளார் என்று சொன்னால் வியக்கின்றனர். வெளிப்படையாகப் பழிப்பது முன்னது. பழியை மறைத்து உரைப்பது பின்னது. பின்னதற்கு எடுத்துக்காட்டுத் தேடி அலைய வேண்டியதில்லை. அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார், அவனுடைய படைக்கலக் கொட்டிலைக் கண்டு பாடிய புறநானூற்றின் 95ஆம் பாடலே போதும். உன் படைக்கலங்கள் மாலை சூடி, நெய் பூசி, காவலுள்ள மனையில் அழகாக இருக்கின்றன. எங்கள் மன்னனின் வேல்களோ நுனி முறிந்து கொல்லனின் சிறுகொட்டிலிற் கிடக்கின்றன என்பது அவர் கூற்றின் கருத்து. கேட்டவன் முதலில் மகிழ்ந்திருக்கலாம். உறைத்தபொழுது அவன் முகம் எவ்வாறிருந்தது என்பதைப் பாடல் நமக்குச் சொல்லவில்லை. அதிகாரத்தின் முன்னே நின்று சிரிக்கும் கலை நம்மிடம் ஈராயிரம் ஆண்டுகளாக இருந்து வருகிறது என்பதற்கு இதுவே சான்று.

இவ்விரு வகையையும் மனத்திற்கொண்டு, தற்காலத் தமிழ்ப் புனைகதையில் அதிகாரத்தையும் மனித இயல்பையும் எள்ளி நோக்கிய இருவரை ஒப்பிட்டுக் காண்பது இக்கட்டுரையின் நோக்கம். ஒருவர் ப. சிங்காரம் (1920-1997), மற்றவர் சுந்தர ராமசாமி (1931-2005). முன்னவரின் 'புயலிலே ஒரு தோணி' 1972இல் நூலாக வெளிவந்தது. பின்னவரின் 'ஒரு புளியமரத்தின் கதை' 1966இல் வெளிவந்தது. இரண்டும் ஏறத்தாழ ஒரே காலத்து மனப்போக்கிலிருந்து எழுந்தவை. விடுதலை கிடைத்துவிட்டது, கனவு மட்டும் எங்கோ தவறிவிட்டது என்னும் எண்ணம் படித்தோரிடையே பரவியிருந்த காலம் அது. இருவர்க்கும் பின்னால் புதுமைப்பித்தனின் நிழல் உண்டு. சுந்தர ராமசாமி தமது இருபதாம் வயதிலேயே, 1951இல், புதுமைப்பித்தன் நினைவு மலரைத் தொகுத்தவர். சிங்காரமோ எவ்விலக்கிய வட்டத்திலும் சேராது, மதுரையில் நாளிதழ்ப் பணியாற்றிக்கொண்டு, இரண்டே இரண்டு புதினங்களை எழுதிவிட்டு வாயடங்கிக் கொண்டவர்.

சிங்காரத்தை நாம் எடுத்துப் பேசுவதற்குத் தனிக் காரணமும் உண்டு. அவர் எழுதியது நம்மைப் பற்றி. அல்லது நம் பக்கத்து வீட்டாரைப் பற்றி எனலாம். சிங்கம்புணரியிற் பிறந்து, 1938இல் இந்தோனேசியாவின் மேடான் நகருக்குப் பிழைக்கச் சென்று, போருக்குப்பின் 1946இல் தமிழகம் திரும்பியவர் அவர். மேடானும் பினாங்கும், தொங்கானில் கடல் கடக்கும் வணிகரும், வட்டிக்கடையின் பெட்டியடிப் பையன்களும் அடுத்தாட்களும், மலாய்ச் சொற்கள் கலந்த தமிழும் அவருடைய உலகம். தமிழகத்து வாசகர்க்கு அது கடலுக்கு அப்பாற்பட்ட விந்தை உலகம். நமக்கு அப்படியன்று.

புயலிலே ஒரு தோணியில் அதிகாரம் காலணியோடு வருகிறது. மேடான் நகருக்குள் சப்பானியப் படை நுழைவதைத் தெருவோரத்தில் நின்று மக்கள் பார்க்கின்றனர். நேற்றுவரை அசைக்க முடியாதவராயிருந்த டச்சுக்காரர் இன்று ஒன்றுமில்லாதவராகின்றனர். வணக்கம் செலுத்த வேண்டிய திசை ஒரே நாளில் மாறிவிடுகிறது. வெட்டப்பட்ட தலைகள் ஊரார் பார்வைக்கு வைக்கப்படும் காட்சியைச் சிங்காரம் எழுதும் முறையை ஆசிரியர்கள் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். அங்கே கண்ணீர் இல்லை, அறவுரை இல்லை. கூட்டம் கூடுகிறது, பார்க்கிறது, பேசிக்கொள்கிறது, கலைகிறது. கொடுமையை விடக் கொடுமைக்குப் பழகிக்கொள்ளும் விரைவுதான் அவரை உறுத்துகிறது. அவருடைய அங்கதம் வாளேந்தியவனோடு நின்றுவிடவில்லை. வாளேந்தியவன் மாறிய மறுநாளே புதிய நாணயத்திற்கு வட்டிக் கணக்கு எழுதத் தொடங்கும் கைகளின்மேலும் அது பாய்கிறது.

இவ்விடத்தில் என் பாட்டனார் நினைவுக்கு வருகிறார். சிரம்பானை அடுத்த ஒரு தோட்டத்திற் பால்மரம் வெட்டியவர். சப்பானியர் காலத்தில் சயாமுக்கு இரயில்பாதை போடக் கொண்டுசெல்லப்பட்டு, உயிரோடு திரும்பிய சிலருள் ஒருவர். அவருடைய தகரப்பெட்டியின் அடியில் வாழைமரம் அச்சிட்ட பத்து வெள்ளி நோட்டு ஒன்று மடித்துக் கிடந்தது. 1945 ஆகஸ்டில் சப்பான் சரணடைந்ததும் அந்நோட்டுக்கு ஒரு வாழைப்பழம்கூட வாங்கும் மதிப்பில்லாமற் போயிற்று. ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று சிறுவயதிற் கேட்டேன். "துரைக்குத் தொப்பியை எடுத்தோம், சப்பான்காரனுக்குக் குனிந்தோம், முதுகு என்னவோ ஒன்றுதான் அப்பா," என்றார். அது என் கேள்விக்கு விடையாகாது என்று அப்போது நினைத்தேன். சிங்காரத்தைப் படித்தபின்பே அது விடை என்று தெரிந்தது.

சிங்காரத்தின் பிறிதொரு குறி, தமிழரின் பழம்பெருமைப் பேச்சு. மதுக்கிண்ணங்களுக்கிடையே பாண்டியனும் மாணிக்கம் முதலிய நண்பரும் நடத்தும் உரையாடல்களில், நாம் மேடைதோறும் முழங்கும் வீரவரலாறு கிழிபடுகிறது. சங்க நடையும் காப்பிய நடையும் போலி செய்யப்படுகின்றன. சில ஆண்டுகளுக்கு முன், ஆசிரியர் கருத்தரங்கொன்றில் நான் இப்பகுதியைப் பற்றிப் பேசியபோது மூத்த நண்பரொருவர் எழுந்து, இத்தகைய நூலை மாணவர் கையிற் கொடுப்பது தமிழுக்குச் செய்யும் துரோகம் என்றார். அவர்மீது எனக்கு வருத்தமில்லை. பெருமிதம் ஒன்றைத் தவிர வேறு முதல் இல்லாத குழந்தைகளிடமிருந்து அதனையும் பறிக்கலாமா என்பது அவருடைய அச்சம். தோட்டப்புறப் பள்ளியில் முப்பதாண்டு பணியாற்றியவர்க்கு அவ்வச்சம் வருவது இயல்பே. ஆயினும் ஒன்றை அவர் காணத் தவறினார். காப்பிய நடையைப் போலி செய்ய வேண்டுமானால் அந்நடை செவியில் ஊறியிருத்தல் வேண்டும். சிங்காரத்தின் எள்ளல் தமிழை அறியாதவனின் எள்ளலன்று; தாயின் பேச்சை நடித்துக் காட்டும் பிள்ளையின் குறும்பு அது. அதிலும் கசப்பு உண்டு. அதனை நான் மறுக்கவில்லை.

இனி, சிங்காரத்தின் அங்கதம் எங்கே ஆழம் பெறுகிறது என்பதைக் காண்போம். பிறரை எள்ளுகின்ற பாண்டியன்தானே அதிகாரத்தின் பக்கம் நடக்கிறான். நேதாஜி 1943இல் சிங்கப்பூர் வந்து தலைமை ஏற்ற இந்திய தேசிய இராணுவத்தில் சேர்கிறான். பிறர் உயிரை எடுக்கும் பணியையும் ஏற்கிறான். பின்னர் டச்சுக்காரரை எதிர்த்துப் போரிடும் இந்தோனேசிய விடுதலைப் படையினருள் ஒரு தலைவனாகிறான். முடிவில் சுடப்பட்டு வீழ்கிறான். எல்லாவற்றையும் சிரித்துத் தள்ளிய ஒருவன், துப்பாக்கி கைக்கு வந்ததும் சிரிக்க மறக்கிறான். இதனைச் சிங்காரம் விளக்கிச் சொல்லவில்லை. நாயகனை வீரனாக்கிப் படிக்கும் வாசகனுக்கு அது தெரியவும் தெரியாது. வீரக்கதையாக ஒரு முறையும், வீரக்கதையின் மீதான எள்ளலாக மறுமுறையும் படிக்க இடந்தருவதே இந்நூலின் வலிமை. அதன் தொல்லையும் அதுவே. சில இயல்களில் ஆசிரியரே தம் நாயகனிடம் மயங்கி நிற்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவ்விடங்களில் கதை, திரைப்படச் சண்டைக்காட்சிக்கு மிக அருகிற் சென்றுவிடுகிறது.

சுந்தர ராமசாமியின் நூலில் வாளில்லை, படையில்லை. ஊரின் நாற்சந்தியில் ஒரு புளியமரம் நிற்கிறது. அவ்வளவே. அதனைச் சுற்றி மனிதர் வந்து போகின்றனர். மரம் யாரையும் கூப்பிடவுமில்லை, விரட்டவுமில்லை. முடிவில் அது நஞ்சூட்டிக் கொல்லப்படுகிறது. நாகர்கோவில் அப்போது திருவிதாங்கூர் அரசுக்குட்பட்டிருந்தது. கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது 1956 நவம்பர் முதல் நாளில்தான். மன்னராட்சி, விடுதலை, மக்களாட்சி ஆகிய மூன்றையும் ஒரே தலைமுறையிற் கண்ட மண் அது. ஆகவே அதிகாரம் உடைமாற்றிக்கொண்டு வருவதைக் கூர்ந்து நோக்க அவ்வூரினும் சிறந்த இடம் கிடைத்திராது.

தாமோதர ஆசான் என்னும் முதியவர் சொல்லும் கதைகளில் ஒன்று மகாராஜாவின் வருகையைப் பற்றியது. மரத்தைச் சுற்றியிருந்த குளத்தின் நாற்றம் அரசரின் மூக்கை எட்டுகிறது. உடனே குளம் தூர்க்கப்படுகிறது. ஊரார் ஆண்டுக்கணக்கில் முகர்ந்த நாற்றத்தை எவரும் பொருட்படுத்தவில்லை. மன்னரின் மூக்கு ஒரு நொடி சுளித்ததும் நிலத்தின் வடிவமே மாறிவிடுகிறது. ஆசான் இதனை வியந்து, சுவைத்து, பெருமையோடு சொல்கிறார். பழிகரப்பு என்று தொல்காப்பியர் குறித்தது இதுவேயாம். சொல்பவரின் புகழுரையே கேட்பவர்க்குப் பழியுரையாகிறது. தொண்டைமானின் கொட்டிலில் ஔவையார் செய்ததை, ஓர் ஊர்க்கிழவரின் வெற்றிலைவாய்க் கதைக்குள் சுந்தர ராமசாமி வைத்துவிட்டார்.

மன்னர் போகிறார், விடுதலை வருகிறது. ஊர்மக்கள் காற்று வாங்கிய காற்றாடி மரத்தோப்பு வெட்டப்பட்டு, அங்கே பூங்கா அமைகிறது. குளத்தைத் தூர்த்தது ஒருவரின் ஆணை. தோப்பை வெட்டியது மக்களின் பெயரால் எடுத்த முடிவு. நிழல் போனது இரண்டிலும் ஒன்றே. இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஆசிரியர் அடுத்தடுத்து வைத்து ஒப்பிட்டுக் காட்டவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. ஒப்பிடும் வேலை நம்முடையது. நான் இதனைக் கற்பிக்கும்போது மாணவர் தாமாகவே கண்டுபிடிக்கும்வரை காத்திருப்பதுண்டு. சிலர் கண்டுபிடிப்பதேயில்லை. அதனாற் பெரும் நட்டமில்லை.

அதன்பின் நகராட்சி வருகிறது, மரத்தின் காய்க்கு ஏலம் வருகிறது, அப்துல் காதரின் வணிகமும் தாமுவின் வணிகமும் மோதுகின்றன, நாளிதழ் நிருபர் இசக்கி வருகிறான், தேர்தல் வருகிறது. சிறுவர்க்குக் கடலை விற்கும் கிழவர்கூட வேட்பாளராக நிறுத்தப்படுகிறார். இம்மாந்தருள் ஒருவனும் அரக்கனல்லன். ஒவ்வொருவனுக்கும் ஒரு சிறு தேவை. ஒரு சிறு பொறாமை. ஒரு சிறு கணக்கு. இச்சிறுமைகளைக் கூட்டினால் வரும் தொகைதான் மரத்தின் சாவு. சிங்காரத்திடம் அதிகாரம் வெளியிலிருந்து ஊருக்குள் அணிவகுத்து வருகிறதென்றால், சுந்தர ராமசாமியிடம் அது ஊருக்குள்ளேயே, கடைப்பலகையின் பின்னே, முளைத்துக் கிடக்கிறது. முன்னவரிடம் ஒருவன் கொல்கிறான், பலர் பார்க்கின்றனர். பின்னவரிடம் பலர் கொல்கின்றனர், பார்ப்பதற்கு ஒருவருமில்லை.

நம் தேர்வுத்தாள்களைப் பற்றி ஒரு சொல் கூற வேண்டும். புளியமரம் எதனைக் குறிக்கிறது என்று வினாத்தாளிற் கேட்பது நமக்கு வழக்கமாகிவிட்டது, நானும் கேட்டிருக்கிறேன். பாரதப் பண்பாடு, இயற்கை, கள்ளமின்மை, விடுதலை என்று மாணவர் எழுதுவர்; நாமும் பெருமனத்தோடு மதிப்பெண் இடுவோம். ஜார்ஜ் ஆர்வெலின் 'விலங்குப் பண்ணை' (1945) அவ்வகை வினாவுக்கு இடந்தருவது. எந்தப் பன்றி எந்தத் தலைவன் என்று உருசிய வரலாற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லிவிடலாம். அந்நூல் அவ்வாறு திட்டமிட்டு அமைக்கப்பட்டது. ஆர்வெல் 1922 முதல் 1927 வரை பர்மாவில் காவல்துறை அதிகாரியாக இருந்து, ஆளும் இனத்தானாக வாழ்வதன் வெட்கத்தை உணர்ந்தவர். ஆகவே அவருடைய எள்ளலில் ஒரு வழக்கறிஞரின் தெளிவு உண்டு. சுந்தர ராமசாமியின் மரம் யாரையும் குறிக்கவில்லை. அது மரம். அதனைத் தத்தம் தேவைக்கு ஏற்றபடி ஏதோ ஒன்றாக ஆக்கியவர்கள் அவ்வூரார். ஆக்கியதனாலேயே அது செத்தது. மரம் எதனைக் குறிக்கிறது என்று கேட்கும் ஆசிரியனும் அவ்வூராரோடு சேர்ந்துவிடுகிறான். இவ்வுண்மை எனக்குப் பிடிபடச் சில ஆண்டுகள் ஆயின. இப்போது அவ்வினாவை நான் கேட்பதில்லை.

இசக்கியைப் பற்றி எழுத வரும்போது என் பேனா சற்றுத் தயங்குகிறது. இசக்கி தன் எழுத்தைத் தேவைப்பட்டவர்க்குத் தேவைப்பட்டபடி வளைப்பவன். முதன்முறை படித்தபோது அவனைக் கண்டு வயிறு குலுங்கச் சிரித்தேன். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர் நான் இளம் ஆசிரியனாயிருந்த தோட்டத்தில், அம்மன் கோவில் நிர்வாகத்திற்குத் தேர்தல் நடந்தது. இரு அணிகள். முதலணியினர் மாலையில் வந்து, 'வாத்தியார் ஐயா, நல்ல தமிழில் ஒரு துண்டறிக்கை எழுதிக் கொடுங்கள்' என்றனர். எழுதிக் கொடுத்தேன். மறுநாள் இரண்டாம் அணியினர் வந்தனர். அவர்க்கும் எழுதிக் கொடுத்தேன். தோட்டத்தில் தமிழ் எழுதத் தெரிந்தவனாயிருப்பதன் பெருமை எனக்கு. இரண்டு அறிக்கைகளும் ஒரே வாக்கியத்தில் முடிந்தன. ஏனெனில் அவ்வாக்கியம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இரண்டு அணியினரும் அதனைக் கவனிக்கவில்லை என்று தனியறையிற் சிரித்துக்கொண்டேன். தேர்தலன்று கைகலப்பு. ஒரே வரிசை வீட்டில் அண்டையராயிருந்த இரு குடும்பங்கள் அதன்பின் பேசிக்கொள்ளவில்லை. தோட்டம் விற்கப்பட்டு எல்லோரும் வெவ்வேறு தாமான்களுக்குச் சிதறிப் போகும்வரை பேசிக்கொள்ளவில்லை. என் அறிக்கைகளே அதற்குக் காரணம் என்று நான் பெருமையடித்துக்கொள்ள முடியாது. ஆனால் அவை அங்கே இருந்தன. இரண்டாம் முறை நூலைப் படித்தபோது இசக்கி வந்த பக்கங்களில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தன்னைத் தவிர்த்து உலகத்தை எள்ளும் வாசகனுக்கு இரு நூல்களும் இடங்கொடுப்பதில்லை. ஆயினும் அவை மறுக்கும் முறை வேறு. சிங்காரம் நம்மைப் பாண்டியனோடு சேர்த்துச் சிரிக்கவைத்து, அவன் கை கறைபடியும்போது விட்டுவிடுகிறார். சுந்தர ராமசாமி நம்மைத் தூரத்தில், மரத்தடித் திண்ணையில் உட்காரவைத்துக் கதை சொல்கிறார். கதை முடியும்போதுதான் அத்திண்ணையும் அவ்வூருக்குள்ளேதான் இருந்தது என்று அறிகிறோம். செம்பொருள் அங்கதம் சிங்காரத்திற்கும் பழிகரப்பு அங்கதம் சுந்தர ராமசாமிக்கும் உரியன என்று பிரித்துவிட்டால் தேர்வுக்கு எளிதாகும். ஆனால் பாண்டியனைப் பொறுத்தவரை சிங்காரமே பழியைக் கரந்து வைத்தவர். அரசியல்வாதிகளின் மேடைப்பேச்சைக் காட்டுமிடத்தில் சுந்தர ராமசாமியும் வெளிப்படையாகவே பாய்கிறார். அவ்விடங்கள் அந்நூலின் சிறந்த இடங்களல்ல என்பது என் கருத்து. ஆசானின் குரல் ஓய்ந்தபின் நூலின் பிற்பகுதியில் சுவை சற்றுக் குறைகிறது. ஊர்க்கதை போய் நாளிதழ்ச் செய்தி வந்துவிட்டதே காரணம் எனலாம். அதுவே ஆசிரியரின் கருத்தும் என்று வாதிடுவாரும் உளர்.

இருவரிடமும் காணும் ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். பெண்கள் இருவர் நூலிலும் நிழல்களே. மரத்தில் தொங்கி உயிர்விட்ட செல்லத்தாயி ஆசானின் கதைக்குள் ஒரு கதையாக மட்டும் வாழ்கிறாள். சிங்காரத்தின் பெண்டிர் பாண்டியனின் பயணத்தில் வழியில் வரும் ஊர்களைப் போல வந்து பின்தங்கிவிடுகின்றனர். சிங்காரத்தின் முதற்புதினமான 'கடலுக்கு அப்பால்' இவ்வகையிற் சற்று வேறுபட்டது. அங்கே வட்டிக்கடை முதலாளி, படைக்குப் போய்வந்த செல்லையாவுக்குத் தம் மகள் மரகதத்தைத் தர மறுக்கிறார். துப்பாக்கி பிடித்த கை பேரேடு பிடிக்காது என்பது அவர் அச்சம். தந்தையின் கணக்கு, மகளின் மனம் ஆகிய இரண்டுக்கும் சிங்காரம் செவி கொடுத்திருக்கிறார். அதிகாரம் வீட்டின் அடுப்படிவரை வருவதை அவர் காட்டிய ஒரே இடம் அது.

சென்ற ஆண்டு, சனிக்கிழமைகளில் எஸ்.பி.எம். மாணவர்க்கு நான் நடத்தும் தமிழ் இலக்கிய வகுப்பில், புயலிலே ஒரு தோணியின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். தாத்தாவின் தோட்டம் செம்பனையாகி, பின்னர் வீடமைப்புத் திட்டமாகிவிட்ட ஒரு மாணவி, "ஐயா, இதில் தோட்டத்து ஆட்கள் எங்கே?" என்று கேட்டாள். நான் வாயடைத்து நின்றேன். சிங்காரத்தின் நாயகர்கள் வணிகரும் வணிகரின் பணியாளரும் படைவீரரும் ஆவர். மலாயாவின் பால்மரக்காட்டில் வாழ்ந்த இலக்கக்கணக்கான தமிழர் அவர் கதையின் நடுவில் இல்லை, ஓரத்தில்தான் இருக்கின்றனர். அது அவர் குற்றமன்று. அவர் கண்டதை அவர் எழுதினார். மேடான் தெருவைக் கண்டவர், லாபுவின் தோட்டத்தைக் காணவில்லை.

அக்கதையை எழுதியவர்கள் நம்மவர். ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' எழுதினார், அ. ரெங்கசாமி 'நினைவுச்சின்னம்' எழுதினார். இரண்டும் மதிக்கத்தக்க நூல்கள். சயாம் காட்டில் மாண்டவர்க்கு ஊர்கூடிச் செய்த நீர்க்கடன் எனத்தக்கவை. ஆனால் அவற்றின் மெய்ப்பாடு அழுகை. தோட்டத்தை எழுதும்போது மலேசியத் தமிழ்ப் புனைகதை பெரும்பாலும் அழுகிறது அல்லது சினக்கிறது, நகுவதில்லை. தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாட்டுள் நகையைத்தான் முதலில் வைத்தார் என்பதை நாம் வகுப்பிற் சொல்லுகிறோம், எழுதும்போது மறந்துவிடுகிறோம். தோட்டத்தில் நகை இல்லாமலில்லை. பிரட்டுக்களத்தில் விடியற்காலையில் கங்காணி பெயர் கூப்பிடும்போதே அவனுக்கு வைத்த பட்டப்பெயர் வரிசையின் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். துரையின் நடையை நடித்துக்காட்ட ஒவ்வொரு வரிசை வீட்டிலும் ஒருவர் உண்டு. கிராணியின் கணக்குப் புத்தகத்தைப் பற்றி என் பாட்டி சொல்லிய கதை ஒன்றை இங்கே எழுதினால் இத்தொகுப்பு பள்ளி நூலகத்திற்குப் போகாது. அவையெல்லாம் வாய்மொழியாகவே வந்து, சொன்னவர்களோடு போய்க்கொண்டிருக்கின்றன.

தன் இரங்கத்தக்க நிலையையே தன் ஒரே அடையாளமாகக் கொள்ளப் பழகிய சமுதாயத்திற்குத் தன்னையே எள்ளிப் பார்க்கும் துணிவு எளிதில் வருவதில்லை. கங்காணி என்பவன் வெளியிலிருந்து வந்த வெள்ளையனல்லன். நம் மாமன், நம் சாதிக்காரன், பல வேளைகளில் நம் ஊர்க்காரன். அவனை எழுத வேண்டுமாயின் சிங்காரத்தின் கசப்பும் வேண்டும். சுந்தர ராமசாமியின் பொறுமையும் வேண்டும். பண்பாட்டைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டு கோவில் நிர்வாகத்திலும் சங்கங்களிலும் பள்ளி வாரியத்திலும் நாம் நடத்தும் நகராட்சித் தேர்தல்களை எழுதவும் ஒருவர் வர வேண்டும். வந்தால் முதலில் நாம்தாம் அவர்மேற் கோபங்கொள்வோம். கருத்தரங்கில் எழுந்து நின்று துரோகம் என்போம். துண்டறிக்கை எழுதித் தந்த ஒரு வாத்தியார் அக்கதையில் வந்தால், அவர் யாரென்று நான் கேட்கமாட்டேன்.

அம்மாணவி அடுத்த வாரம் ஒரு தாளில் தன் தாத்தா சொன்ன கங்காணிக் கதையை எழுதிக்கொண்டு வந்தாள். இரண்டு பக்கம். சந்திப்பிழைகள் நிறைய இருந்தன. சிவப்பு மைப்பேனாவை எடுத்தேன். முதற்பத்தியின் முடிவில் சிரித்துவிட்டேன். பேனாவை மூடி வைத்துவிட்டுக் கடைசிவரை படித்தேன். கதையில் கங்காணியைவிட அவள் தாத்தாதான் அதிகம் எள்ளப்பட்டிருந்தார். வரும் சனிக்கிழமை புளியமரத்தின் தேர்தல் பகுதியை எடுக்கப்போகிறோம். அதற்கு முன் அவளுடைய இரண்டு பக்கத்தையும் வகுப்பில் அவளே வாசிப்பதாக ஏற்பாடு.